பூட்டியின் பெயர்

உங்கள் அம்மம்மாவைப் பெற்ற தாயாரின் பெயர் என்ன?

வானொலியில் இந்தப் பேச்சை இக்கேள்வியுடன்தான் தொடங்கினேன். கேட்டுக்கொண்டிருந்த நேயர்களில் எத்தனை பேர் உடனே விடை சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த தம்பி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டியதை நான் கண்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது நானும் அப்படித்தான் நின்றேன். நேரம் கருதி ஒலிபரப்பில் விட்டுவிட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சாம்பல்தீவைச் சேர்ந்தவன். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே வருபவர்கள் உப்புவெளியில் வீதியோரமாக ஒரு மயானத்தைக் கண்டிருப்பார்கள். புல் வெட்டி, மரம் வைத்து, வெள்ளைக் கற்கள் வரிசை குலையாமல் நிற்கும் இடம் அது. இரண்டாம் உலக யுத்தத்தில் இப்பகுதியில் இறந்த பொதுநலவாயப் படையினரின் மயானம். 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்ததையும், அன்றே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டதையும் எங்கள் ஊரில் வயோதிபர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சிறுவயதில் அந்த மயானத்து மதிலில் குந்தியிருந்து கற்களை எண்ணியிருக்கிறேன். கற்களிலுள்ள பெயர்களை வாசித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பிற்பகல். மயானத்து வாயிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கையில் ஒரு தாளுடன் நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். தமது பாட்டனாரின் தம்பியை, கடற்படையில் சேர்ந்து இங்கே வந்து இறந்தவரைத் தேடி வந்திருந்தார். துவிச்சக்கர வண்டியை மதிலில் சாத்திவிட்டு நானும் கூடச் சென்றேன். கல்லைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. எந்தப் பகுதி, எத்தனையாவது வரிசை, எத்தனையாம் இலக்கம் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தன. 1917இல் அமைக்கப்பட்ட யுத்த கல்லறை ஆணைக்குழு, அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் பேதம் பாராமல் ஒரே அளவுக் கல் நாட்டி, இன்னாரின் மகன், இன்ன ஊரவன் என்று முடிந்தவரை பதிவேட்டிலும் எழுதி வைத்திருக்கிறது.

பெண்மணி சற்று நேரம் அக்கல்லின் முன் இருந்தார். பிறகு பையைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு பெரிய தாளை விரித்தார். அவருடைய வம்சாவளி! ஏழு தலைமுறை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, மணம் முடித்த ஆண்டு, ஊர். நான் வியந்து பார்த்தேன். என் வியப்புக்குக் காரணம் ஏழு தலைமுறை அல்ல. எங்களிலும் ஏழு தலைமுறை சொல்பவர்கள் உண்டு. அந்தத் தாளில் ஆண்கள் எத்தனை பேரோ, பெண்களும் அத்தனை பேர் இருந்தார்கள். யாரும் "இன்னாரின் பாரியார்" என்று நிற்கவில்லை. அவரவர் பெயரும், அவரவர் பிறந்த குடும்பப் பெயருமாக நின்றார்கள்.

இது எப்படி முடிந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்கொட்லாந்தில் 1855ஆம் ஆண்டு தை முதலாம் தேதியிலிருந்து பிறப்பு, மணம், இறப்பு மூன்றையும் அரசாங்கம் கட்டாயமாகப் பதியத் தொடங்கியது. ஒருவர் இறந்தால் இறந்தவரின் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும், அத்தாய் மணமாவதற்கு முன் தாங்கிய குடும்பப் பெயரையும் பதிவாளர் கேட்டு எழுத வேண்டும். எண்பது வயதுக் கிழவி 1860இல் இறந்திருந்தால், அவளைப் பெற்றவர்களின் பெயர் அந்தப் பதிவில் இருக்கும். அதாவது பதிவு தொடங்குவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே குடும்பம் நடத்தியவர்கள் ஒரு மரணப் பதிவின் மூலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாண்டான 1855இல் பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், மணமுடித்த நாள், முன்பு பிறந்த பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டார்கள். பதிவாளர்களுக்கு இவ்வளவும் எழுதிக் கட்டுப்படியாகவில்லைப் போலும். அடுத்த ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். தங்கள் குடும்பத்தில் 1855இல் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதை ஒரு புதையல் என்கிறார்கள் தேடுவோர்.

அதற்கு முந்தியது தேவாலயங்களின் காலம். ஒவ்வொரு பங்கிலும் கோயிற் பதிவேடு இருந்தது. அவற்றுள் மிகப் பழையது பேர்த்ஷயரிலுள்ள எரோல் என்ற பங்கினுடையது. அது 1553ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஆனால் இந்த ஏடுகளை நம்புவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். அவற்றில் இருப்பது பிறந்த நாள் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற நாள். மணப் பதிவில் பல இடங்களில் இருப்பது மணம் நடந்த நாள்கூட அல்ல, ஓலை வாசித்த நாள். அடக்கம் செய்தவர்களின் பெயர் இல்லாத ஊர்களில், பிரேதத்தின் மேல் போர்த்தும் துணிக்குக் கொடுத்த வாடகைக் கணக்கைக் கொண்டு இறந்த நாளைக் கண்டுபிடிக்கிறார்கள். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள். 1794 வரை அது இருந்தது. ஏழைகள் என்ன செய்வார்கள்? பதியாமல் விட்டார்கள். அந்தப் பத்துப் பதினொரு வருடங்களில் பல குடும்பங்களின் கதை அறுந்து கிடக்கிறது. பிறகு 1843இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபையே இரண்டாகப் பிளந்தது. பிரிந்து போனவர்களின் பிள்ளைகளைப் பழைய கோயிலின் ஏட்டில் தேடினால் கிடைக்காது.

அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். அவருடைய முன்னோரில் ஒருத்தி மணமாகாமல் ஒரு பிள்ளையைப் பெற்றவள். அக்காலத்தில் கோயில் மூப்பர் சபை அப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டு எழுதும். ஞாயிற்றுக்கிழமை சபையின் முன் தனி ஆசனத்தில் இருத்தி வெட்கப்படுத்தும். "அவளை அவமானப்படுத்த எழுதிய அந்தப் பக்கம் இல்லாவிட்டால் எனக்கு என் முன்னோர் ஒருவரும் அகப்பட்டிருக்க மாட்டார்" என்றார் அவர். ஒழுங்காக வாழ்ந்து, வம்பு வழக்குக்குப் போகாமல் செத்தவர்களைவிட, தண்டிக்கப்பட்டவர்களும் பிச்சைச் சம்பளம் கேட்டு மனுக் கொடுத்தவர்களுமே ஏடுகளில் அதிகம் பேசப்படுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கையான உண்மை.

மூன்றாவது ஊன்றுகோல் குடிசன மதிப்பு. 1841 ஆனி 6ஆம் தேதி இரவு யார் யார் எந்த வீட்டில் தங்கினார்களோ அவர்களுடைய பெயர்களை எழுதிய ஏடுகள் இன்றும் இருக்கின்றன. அம்முறை பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். நாற்பத்துநாலு வயதுக்காரன் நாற்பதாகிவிடுவான். 1851இல்தான் பிறந்த பங்கும், வீட்டுத் தலைவனுக்கு என்ன முறை என்பதும் வந்தன. நூறு வருடங்கள் வரை அந்தப் பெயர்களை எவரும் பார்க்க விடமாட்டார்கள். 1921ஆம் ஆண்டினது 2022இல் திறக்கப்பட்டது. இவையெல்லாம் எடின்பரோவிலுள்ள பதிவாளர் நாயகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. இப்போது வீட்டிலிருந்தே பணம் கட்டிக் கணினியில் பார்க்கிறார்கள்.

நிற்க. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர் வைக்கும் முறை. ஸ்கொட்லாந்துக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். இரண்டாம் மகளுக்குத் தகப்பனின் தாய் பெயர். எல்லா வீட்டிலும் தவறாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. என்றாலும் ஒரே பங்கில் ஒரே பெயரில் பலர் இருக்கும்போது, பிள்ளைகளின் பெயர் வரிசையைப் பார்த்து, இவன் இன்ன வீட்டான் என்று ஊகிக்கிறார்கள்.

இதை அந்தப் பெண்மணி ஏதோ அதிசயம்போலச் சொன்னார். நான் சிரித்தேன். "அம்மா, எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது" என்றேன். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. இலங்கைத் தமிழில் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாட்டனையும் பேரன் என்கிறோம், பாட்டியையும் பேத்தி என்கிறோம். பெயரைத் தந்தவனும் பேரன், வாங்கியவனும் பேரன். கயிற்றின் இரண்டு நுனிக்கும் ஒரே முடிச்சு. அவர் அதைத் தம்முடைய குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்படியானால் உங்கள் அம்மம்மாவின் தாயாருக்கு என்ன பெயர்?"

எனக்குத் தெரியவில்லை. கரைவீட்டு ஆச்சி என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். களப்புக் கரையில் வீடு. ஆகவே கரைவீட்டு ஆச்சி. அது பெயரா? விலாசம்!

அவர் திருகோணமலைக்கு வந்ததிலும் ஒரு பழைய தொடர்ச்சி இருக்கிறது. 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து இக்கோட்டையைப் பிடிக்க கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் கொண்டுவந்த படையில் 72ஆவது ஹைலண்டர் படைப்பிரிவினர் இருந்தனர். ஓகஸ்ட் 26ஆம் நாள் கோட்டை சரணடைந்தது. அன்று தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிப்பாய்களும் மாலுமிகளும் இங்கே வந்து காய்ச்சலிலும் பேதியிலும் செத்திருக்கிறார்கள். நகரிலுள்ள புனித ஸ்தேவான் மயானத்தில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852 ஒக்டோபரில் பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே கொலராவால் இறந்தவர் அவர். வியாழக் கிரகத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற மேஜர் பேர்சி மோல்ஸ்வேர்த் 1908இல் திருகோணமலையில் இறந்தார். இத்தகைய கல்லறை வாசகங்களை ஒன்றுவிடாமல் திரட்டி ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் உத்தியோகத்தர் 1913இல் கொழும்பில் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கல் தேய்ந்தாலும் எழுத்து தேயாமல் இருக்கிறது.

எங்களிடம் என்ன இருக்கிறது என்று அன்று இரவு படுக்கையில் கிடந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கோணேசர் கல்வெட்டு இருக்கிறது. பெயர்தான் கல்வெட்டு. உண்மையில் ஏட்டில் எழுதப்பட்ட நூல். கோணேசர் கோயிலில் தானத்தார், வரிப்பத்தார் எனக் குடிகள் செய்ய வேண்டிய தொழும்புகளை அது வகுத்துச் சொல்கிறது. குடிகளைச் சொல்கிறதேயன்றி என் பூட்டியைச் சொல்லவில்லை. போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் திருத்தி எழுதிய தோம்புகள் இருக்கின்றன. காணித் தோம்பு, தலைத் தோம்பு, பள்ளிக்கூடத் தோம்பு என்று அவை பலவகை. பள்ளிக்கூடத் தோம்பு என்பது நம் நாட்டின் கோயிற் பதிவேடு போன்றதே. ஞானஸ்நானம், கலியாணம் இவற்றைப் பள்ளி உபாத்தியாயர் எழுதிவைத்தார். பறங்கியர் சமூகத்தவர் இத்தகைய ஏடுகளையும் தேவாலயப் பதிவுகளையும் துருவித் தங்கள் குடும்ப வரலாறுகளைத் தொகுத்து, 1908 முதல் வெளிவந்த தங்கள் சங்கச் சஞ்சிகையில் வரிசையாக அச்சிட்டார்கள். அந்த முயற்சியை நாம் செய்யவில்லை.

சாதக ஓலைகள் இருக்கின்றன. நம்மவரின் பிறப்புப் பதிவு அதுதான். நாழிகை வரை எழுதியிருப்பார்கள். ஆனால் வருடத்தின் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும். துன்முகி என்று இருந்தால் அது 1836ஆகவும் இருக்கலாம், 1896ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். பாட்டனின் சாதகத்தைப் பேரனுடையது என்று வைத்துப் பொருத்தம் பார்த்த வீட்டையும் நான் அறிவேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற சிறு நூலும் இருக்கிறது. அதையும் நாம் கல்வெட்டு என்றே சொல்கிறோம். தேவாரம், திருவாசகம், இறந்தவரின் சரித்திரம், கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை முடித்துவிட்டு வருகிறவர்களின் கையில் அது இருக்கும். இலங்கைத் தமிழரின் குடும்ப வரலாற்றுக்கு இதைவிடச் சிறந்த அச்சு மூலம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அதிலும் ஆண் வழிதான் அடிமரம். பெண்கள் கிளையில் தொங்குவார்கள்.

அரசாங்கப் பதிவு? பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் இங்கே ஆரம்பித்தது. முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871 பங்குனி 27இல் எடுக்கப்பட்டது. தீவின் சனத்தொகை சுமார் 24 இலட்சம் என்று கண்டார்கள். ஆனால் அச்சிட்டு வெளிவந்தவை அட்டவணைகள்தாம். அவற்றில் ஊரின் தொகை இருக்கும், ஆளின் பெயர் இராது. பின்னாளில் தொகைக்கும் முட்டு வந்துவிட்டது. 1981க்குப் பிறகு 1991இல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 2001இல் எடுத்தது வடக்குக் கிழக்கில் முழுமை பெறவில்லை. 2012இல்தான் மறுபடி முழுத் தீவையும் எண்ணினார்கள். முப்பத்தொரு வருட இடைவெளி. ஊர்கள் பெயர்ந்து, மனிதர்கள் சிதறிய அதே முப்பத்தொரு வருடம்!

கலியாணப் பதிவும் அவ்வளவு உதவாது. தாலி கட்டிக் கூறை கொடுத்தால் கலியாணம். பதிவுக்காரரைக் கூப்பிடாத குடும்பங்கள் எத்தனையோ. சட்டமும் அதைக் கலியாணம் என்றே ஏற்கிறது. இது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கொட்லாந்திலும் இருவர் சாட்சிகள் முன் "நாங்கள் கணவன் மனைவி" என்று சொன்னாலே மணம் என்ற சட்டம் 1940 வரை இருந்தது. பல காலம் சேர்ந்து வாழ்ந்து ஊரார் கணவன் மனைவியாக மதித்தால் அதுவும் மணம் என்பது 2006 வரை இருந்தது. பாதிரியாரும் இல்லை, பதிவும் இல்லை. அங்கேயும் தேடுகிறவர்கள் தலையில் கைவைத்த இடம் அது.

இந்த இடத்தில் மலையகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது. ஸ்கொட்லாந்துக்காரர்களின் பேச்சு வந்தால் தேயிலைத் தோட்டத்தின் பேச்சும் வர வேண்டியதே. டன்சினன், பல்மோரல், ஹோலிறூட், ஸ்ராத்ஸ்பே என்று தோட்டங்களுக்கே தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தவர்கள் அவர்கள். ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரில் 1835இல் பிறந்து, 1852இல் இங்கே வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1892இல் இறந்தார். கண்டி மகையாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நல்லது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டிக் கன்று வைத்தவர்களின் பெயர்களை யாராவது சொல்வீர்களா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. "உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? அத்தாட்சி காட்டு!" கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948இல் நாற்பது வயதான ஒருவர் 1908இல் பிறந்திருப்பார். தகப்பன் 1880 வாக்கில். பாட்டன் 1850 வாக்கில். இந்த நாட்டில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1867இல்! லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு எங்கே பத்திரம் தேடுவது? சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைத் தொகையாக வைத்து, இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி பிறகு என்று பங்கு போட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தப் பிரச்சினை தீரவில்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து எங்கள் பக்கம் வந்து குடியேறியவர்களில் ஒரு முதியவரை நான் அறிவேன். அவர் தகரப் பெட்டியில் தகப்பனாரின் தோட்டத்துத் துண்டு ஒன்றை, மடிப்பில் அறுந்து நாலாகிப் போனதை, வைத்திருந்தார். ஸ்கொட்லாந்துப் பெண்மணிக்கு ஓய்வுகால இன்பமாக இருந்த அதே தேடல், இவருக்கு நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதாக இருந்தது. அந்த இரண்டு தாள்களையும் கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மறுபடி கரைவீட்டு ஆச்சியிடம் வருவோம்.

பெண்மணி போன பிறகு நான் அந்தக் கேள்வியை மறந்துதான் இருந்தேன். கனடாவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலே குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கினம். அம்மாவுக்கும் ஞாபகம் இல்லையாம். உங்களுக்குத்தான் தெரியும் என்கிறா" என்றாள். பிள்ளையும் தொலைபேசியை வாங்கி, தனக்குத் தெரிந்த தமிழில், எத்தனை பெட்டி நிரப்ப வேண்டும் என்று சொன்னது. தகப்பன் வழியில் பெட்டிகள் நிரம்பிவிட்டன. எங்கள் பக்கத்தில் தாய்க்குத் தாய் என்று போகும் கோட்டில் மூன்று பேருடன் நின்றுவிட்டது. தங்கையின் அம்மம்மாவுக்கு அப்பால் வெறும் பெட்டி.

எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் சாதகங்களும் கல்வெட்டுகளும் உறுதிகளும் இருந்தன. 1990 இடப்பெயர்வில் அதைத் தூக்கிக்கொண்டு ஓட எங்களால் முடியவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை. ஊரில் அநேகருடைய கதை இதுதான். மிஞ்சிய சிலருடையதை 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

தேட வேண்டிய வழியை அந்தப் பெண்மணியே சொல்லித் தந்திருந்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பின்னோக்கிப் போக வேண்டும். இருக்கிற கிழவர்களை முதலில் கேட்க வேண்டும். கேட்டேன். சல்லியில் ஒருவர் ஒரு பெயர் சொன்னார். நிலாவெளியில் ஒருவர் வேறொரு பெயர் சொன்னார். இருவரும் சத்தியம் செய்தார்கள். பிறகு சின்னம்மாவின் மகளிடம் போனேன். அவளிடம் சின்னம்மாவின் உறுதிப் பை இருந்தது. எங்கள் பகுதியில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பங்கீட்டு அட்டை எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, வாசலுக்குக் கிட்ட ஒரு ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள். சோற்றுப்பானையை விட்டாலும் அந்தப் பையை விடமாட்டார்கள். சின்னம்மா அதை வயிற்றோடு கட்டிக்கொண்டு மூன்று முகாம்களில் படுத்து எழும்பியவர்.

பைக்குள்ளே, எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பேறிய ஒரு உறுதி. என் அம்மம்மாவின் கலியாணத்துக்கு எழுதிய சீதன உறுதி. ஆண்டு 1917. நொத்தாரிசின் கையெழுத்து முத்துப்போல இருந்தது. சாம்பல்தீவில் களப்புக் கரையில் தென்னங்காணி, எல்லைகள் நாலு பக்கமும், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை. எழுதிக் கொடுப்பவர்கள் யார் என்ற இடத்தில் பூட்டனின் பெயர். அடுத்து, "மேற்படியாரின் பாரி" என்ற சொல்லுக்கு முன்னால், அவளுடைய சொந்தப் பெயர். கீழே இன்னும் ஒரு வரி. இக்காணி "எனது தாயார்" இன்னார் எனக்குச் சீதனமாகத் தந்து நான் ஆண்டனுபவித்து வருவது என்று. அங்கே அவளுடைய தாயின் பெயரும் இருந்தது!

நான் இரண்டு தரம் வாசித்தேன். கோயில் ஏட்டில் இல்லாதவள், கல்வெட்டில் இல்லாதவள், பத்துப் பரப்புக் காணிக்காக உறுதியில் நிற்கிறாள். எங்கள் பெண்களுக்குப் பெயர் இருந்த ஒரே இடம் நிலம்போலும். பாசத்தால் எழுதிவைக்காத பெயரை, பின்னாளில் எவனும் வழக்குப் பேசக்கூடாதே என்ற பயத்தால் எழுதியிருக்கிறார்கள்.

சல்லிக்காரர் சொன்ன பெயர் பிழை. நிலாவெளிக்காரர் சொன்னது பாதி சரி. எழுதி முடித்த இடத்தில் அவள் கையெழுத்து இல்லை. எழுத்தறியாதவள். மையில் தோய்த்து ஒரு கீறு, அதன் குறுக்கே இன்னொரு கீறு. பக்கத்தில் நொத்தாரிசு "இது இவளின் அடையாளம்" என்று எழுதியிருந்தார். அதன் பிரதி ஒன்றை எடுத்து ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. அந்தப் பெண்மணி தமது பூட்டியின் மணப் பதிவின் பிரதியை அனுப்பியிருந்தார். அவளுக்கும் எழுதத் தெரியாது. அந்தப் பக்கத்திலும் ஒரு கீறு, குறுக்கே இன்னொரு கீறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

பெயரை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். வானொலியிலும் நான் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்ல வேண்டியவர் கனடாவில் இருந்தார். அன்று இரவே கூப்பிட்டேன். பிள்ளை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டது. "ழ" வருகிற பெயர். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம் வாதாடினோம். தாயின் தாயுடைய பெட்டியும் நிரம்பியது. அதற்கு மேலே இன்னொரு பெட்டி வெறுமையாக இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது என்று பிள்ளை கேட்டது.

"இப்போதைக்கு ஒரு கீறு போட்டு, குறுக்கே இன்னொரு கீறு போடு" என்றேன்.